கிரகணம் ஏன் "பிடிக்கிறது"? ஒரு சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி

2025 செப்டம்பர் 7, போயா ராத்திரி, பௌர்ணமி. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பனி கொஞ்சம் விலகினபோது நிலா செங்கல் பொடி பூசினமாதிரி தெரிந்தது. காம்பராவுக்குள்ளிருந்து, அதாவது வீட்டு அறைக்குள்ளிருந்து, அப்பாயி, "பாம்பு புடிச்சிருச்சு, உள்ள வாடா" என்றார். ஒரு மணிக்கு மேல் மறுபடி குரல்: "விட்டுருச்சா?"

வேர் தேடுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இந்த வினைகளைத்தான். அகராதியை அப்புறம் திறக்கலாம். நம்ம மலையில் வெளிச்சத்தை மறைக்கிற சங்கதிகளுக்குப் பஞ்சமில்லை. பனி மூடும், மழை இருட்டும், மரத்து நிழல் விழும், ஆனால் கிரகணம் மட்டும் பிடிக்கும், பிறகு விடும். ஏன் என்று கேளுங்கள், பாதி வேலை முடிந்தது.

இப்போது அகராதிக்குப் போங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, போனிலேயே பார்க்கலாம். கிரகணம் வடமொழிச் சொல், "க்ரஹ்" என்ற வேருக்குப் பிடி, பற்று என்று பொருள். அப்படியென்றால் "கிரகணம் பிடித்தது" என்பது, பச்சையாகச் சொன்னால், "பிடிப்பு பிடித்தது"! சொல் வடக்கிலிருந்து வந்தாலும் அதன் அர்த்தம் நம் வினையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது சொந்தக்காரர்களைக் கூட்டுவது. பாடத்தைக் கிரகிக்கிறோம், அதாவது மனதால் பிடிக்கிறோம். கல்யாணத்தில் பாணிக்கிரகணம் என்றால் கையைப் பிடிப்பது. ஆளைப் பிடித்து ஆட்டுவது கிரகம். "எல்லாம் என் கெரகம்" என்று தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பக்கத்து வீட்டுச் சிங்களக்காரரைக் கேளுங்கள், அவரும் "சூரியக்ரஹணய" என்பார், வேர் ஒன்றே.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஓசை ஒத்துப்போனால் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். கிரகப்பிரவேசத்தில் இருக்கும் "கிரக" வேறு, அது வீட்டைக் குறிக்கும் "க்ருஹ", சரியாக எழுதினால் கிருகப்பிரவேசம். நானே பள்ளிக்கூடத்தில் ஒருமுறை "சூரிய கிரணம்" என்று எழுதி, வகுப்பே சிரித்தது. ஓர் எழுத்து விழுந்ததில் பொருள் தலைகீழ். கிரணம் என்றால் ஒளிக்கதிர் அல்லவா?

சரி, மற்ற மொழிக்காரர்கள் அதே காட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஆங்கிலத்தின் எக்லிப்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே பொருள் கைவிட்டுப் போதல், வராமல் போதல். கிரேக்கர்களுக்குச் சூரியன் காணாமல் போகிறான், வடமொழியில் அவனை யாரோ பிடிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நம் பழந்தமிழ்தான். குறுந்தொகையில் "அரவு நுங்கு மதி" என்று வருகிறது, பாம்பு விழுங்கும் நிலா. ஆக, அப்பாயி சொன்ன பாம்பு சங்க காலத்திலேயே வானத்தில் இருந்திருக்கிறது, அவர் ஒரு வரி படித்ததில்லை என்றாலும்!

பழகிப் பார்க்க இன்னொரு சொல் தருகிறேன்: மறை. ஒற்றைக் காம்பராவில் சேலையைக் கட்டி "மறைப்பு" போடுகிறோமே, அங்கிருந்து தொடங்குங்கள். மலையாளத்தில் மற, கன்னடத்தில் மறெ என்று உறவுகள் கிடைக்கும், அதனால் இது திராவிடச் சொல். பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (1961, திருத்திய பதிப்பு 1984) தேடலாம். ஒளித்து வைப்பதற்கும் வேதத்துக்கும் ஏன் ஒரே சொல் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். இஸ்தோப்பை மட்டும் அங்கே தேடாதீர்கள், அது டச்சுக்காரன் விட்டுப் போனது.