காலி மண்டபத்தில் நன்றாகத்தானே இருந்தது? கார்ட்லெஸ் மைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியானம் மண்டபத்துக்குப் போய் "ஹலோ, செக், ஒன்று, இரண்டு" என்று சொல்லிப் பார்க்கும்போது குரல் கணீரென்று கேட்கும். மாலையில் நாற்காலிகள் நிரம்பிய பிறகு, அதே மைக், அதே அறிவிப்பாளர். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் நேரம் பார்த்துக் குரல் விட்டு விட்டு வரும். "மைக் மட்டம்பா" என்று முன்வரிசையிலிருந்து தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் மைக் மேல் குற்றம் இருப்பதில்லை. கார்ட்லெஸ் மைக் என்பது முதலில் ஒரு வானொலி நிலையம், அப்புறம்தான் மைக். அதை வெறும் மைக்காக மட்டும் நினைத்து மாட்டுவதால்தான் பாதிக்கும் மேற்பட்ட தொல்லைகள் வருகின்றன.

காலி மண்டபத்துக்கும் நிரம்பிய மண்டபத்துக்கும் நடுவில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ரேடியோ அலையை அது நன்றாகவே உறிஞ்சும். மைக்கின் சிக்னலை வாங்கும் பெட்டியான ரிசீவரை மண்டபத்தின் பின்கோடியில், ஒலியைக் கலக்கும் மிக்சர் பக்கத்தில், மேசை மட்டத்தில் வைத்திருந்தால் மேடைக்கும் அதற்கும் நடுவே சில நூறு உடம்புகள் சுவராக நிற்கின்றன. இரண்டாவது, அத்தனை பேர் பையிலும் ஒரு கைப்பேசி. புளூடூத்தும் வைஃபையில் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசிக்கொள்கின்றன. உங்கள் மைக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால், மத்தியானம் தனியாக ஓடிய சாலையில் மாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும். சிறிய வகுப்பறைக்கும் பஜனை அறைக்கும் 2.4 போதும். ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

ரிசீவரை மேடைக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் என்ற ஒலிக் கேபிள் இழுப்பதுதான் நல்ல வழி. ஒலிக் கேபிள் நீண்டால் பெரிய நஷ்டமில்லை, ஆன்டெனா கேபிள் நீண்டால் நஷ்டம். சாதாரண ஆர்ஜி-58 ரக ஆன்டெனா கேபிளில் பத்து மீட்டர் இழுத்தாலே 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சிக்னலின் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். இதைத் தெரியாமல் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பூஸ்டர் கேபிளில் போன பங்கை ஈடுகட்டத்தான். அளவுக்கு மீறிப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

ஆன்டெனாவை உயர்த்தி வையுங்கள், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் தெரிகிற மாதிரி. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஆங்கில 'வி' போல ஆளுக்கொரு பக்கம் சாய்த்து விடுங்கள். ஒன்றுக்கு சிக்னல் குறையும்போது மற்றது பிடிக்கட்டும் என்றுதான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஒட்டி நிறுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் தடுமாறும். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 செ.மீ., அதில் கால் பங்கு இடைவெளியாவது வேண்டும். ரிசீவரை இரும்பு ரேக்கில் பூட்டி, ஆன்டெனாவை ரேக்குக்குள்ளேயே மடக்கிவிட்டு, ரேக்கையும் எல்இடி திரைக்குப் பின்னால் தள்ளி வைப்பதையும் இங்கே மலேசியாவில் பார்க்கலாம். அந்தத் திரையும் அதன் பவர் சப்ளையும் ரேடியோ இரைச்சலைக் கக்கிக்கொண்டே இருப்பவை. அதற்காக ரிசீவரை மைக்கின் மூக்குக்கு முன்னாலும் வைக்க வேண்டாம். மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். மிக அருகில் இருக்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர் (மைக்கில் சிக்னலை அனுப்பும் பகுதி) மற்ற மைக்குகளின் சிக்னலை அமுக்கிவிடும்.

சரி, அலைவரிசைக்கு வருவோம். பணம் வீணாவதும் மானம் போவதும் இங்கேதான்.

கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கினாலும் சரி, ஷாப்பி இணையக் கடையில் ஆர்டர் போட்டாலும் சரி, நான்கு மைக் உள்ள மலிவு செட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல, அலைவரிசையை மாற்ற முடியாதவை. கோயிலுக்கு ஒரு செட் வாங்கி, நன்றாக இருக்கிறதென்று இளைஞர் அணிக்கும் அதே செட் வாங்குவார்கள். இரண்டையும் ஒரே திருவிழாவில் போட்டதும் ஒன்றின் குரல் இன்னொன்றில் வெடிக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மைக்?" இல்லை, "அலைவரிசை மாற்றலாமா, எங்கிருந்து எங்கே வரை?" என்பதுதான். எவ்வளவு தூரம் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நடுவில் ஆளோ சுவரோ இல்லாத வெட்டவெளிக் கணக்கு.

பழைய செட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் பழைய அனலாக் டிவி ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதியோடு முழுவதும் நின்றது. இப்போதுள்ள டிஜிட்டல் டிவி 694 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிக்கொண்டது. மேலே காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசி நிறுவனங்களுக்குப் போய்விட்டது, 5ஜி அங்கேயும் ஓடுகிறது. 703 முதல் 748 வரை கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு, 758 முதல் 803 வரை கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு. உங்கள் ரிசீவர் 740 என்றோ 780 என்றோ காட்டினால், பத்து வருடமாக நன்றாக இருந்த மைக் இப்போது ஏன் இருமுகிறது என்பதற்குப் பதில் அதுதான். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

உங்கள் மைக் 694-க்குக் கீழே இருந்தாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் டிவி 8 மெகாஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக இடம் பிடித்து வைத்திருக்கிறது. எந்தத் துண்டு என்பது ஊருக்கு ஊர் மாறும். கோலாலம்பூரில் சுத்தமாக இருந்த அலைவரிசை பினாங்கில் அப்படி இருக்கும் என்று நம்பி லோரியில் சாமான் ஏற்றாதீர்கள். எந்த அலைவரிசை காலி என்று போன இடத்தில் ரிசீவரில் மறுபடி தேடிப் பார்க்க (ஸ்கேன் செய்ய) வேண்டும். இன்னொன்று, விற்பனைக்கு வரும் வயர்லெஸ் கருவிகளுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்றிதழ் முத்திரை வேண்டும். எந்தப் பட்டை, எவ்வளவு சக்தி என்ற விதியும் அந்த ஆணையத்தின் கையில்தான். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் செட்டில் இரண்டையும் பாருங்கள். ஒரே மாடல் நாட்டுக்கு நாடு வேறு வேறு பட்டையில் விற்கப்படுகிறது.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று. மூன்று மைக்குகளை 600.0, 600.4, 600.8 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் அழகாக வைப்பது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தால் அவற்றின் அலைகள் கலந்து, இல்லாத அலைவரிசைகளில் பேய்ச் சிக்னல்களை உண்டாக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அந்த இடம் கிடைக்கும். 600.4-ஐ இரட்டித்து 600.0-ஐக் கழியுங்கள், 600.8 வருகிறது. மூன்றாவது மைக் உட்கார்ந்திருக்கும் அதே இடம்! தனித்தனியாகச் சோதிக்கும்போது மூன்றும் நன்றாக இருந்து, மேடையில் மூன்று பேர் சேர்ந்து நின்றதும் சொதப்புவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. மெனுவில் 'குரூப்', 'சேனல்' என்று இருப்பது தயாரிப்பாளர் ஏற்கெனவே போட்டு வைத்த கணக்கு. எல்லா மைக்குகளையும் ஒரே குரூப்பில், வேறு வேறு சேனலில் வையுங்கள். குரூப்புகளைக் கலக்காதீர்கள். வேறு கம்பெனி செட்டையும் சேர்த்துப் போடுவதானால் அந்த அட்டவணை உதவாது. அப்போது அலைவரிசைக் கணக்கு போடும் மென்பொருளிடம்தான் போக வேண்டும்.

ஸ்கேன் செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. உங்கள் மைக்குகளை எல்லாம் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சிக்னலையே எதிரி என்று ரிசீவர் எண்ணிக்கொள்ளும். ஆனால் எல்இடி திரை, விளக்குகள், வீடியோக்காரரின் வயர்லெஸ் கருவிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாலையில் இருக்கப்போகும் சத்தத்தை இப்போதே கேட்டுக்கொள்வதுதான் ஸ்கேனின் நோக்கம். அப்புறம் மைக்கை ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒருவர் பேசிக்கொண்டே மண்டபம் முழுக்க நடக்க வேண்டும். மேடைக்குப் பின்னால், மணமகள் அறை வாசல், நுழைவாயில், எதையும் விடாமல்.

ஹோட்டல் மண்டபமாக இருந்தால் பக்கத்து அறைக்கும் போய்ப் பேசுங்கள். மடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி விருந்து நடக்கும். சுவர் கண்ணுக்குத்தான் தடை, ரேடியோவுக்கு இல்லை. அவர்களுடைய ஒலியமைப்பாளரோடு ஐந்து நிமிடம் பேசி அலைவரிசையைப் பிரித்துக்கொண்டால் இருவர் மானமும் தப்பும். பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுக தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் ஒரு மைக். அங்கே யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை. பந்தலில் ஒரே இடத்தில் நின்று அறிவிப்பவருக்கு கார்ட்லெஸ் எதற்கு? வயர் மைக் போதும். மேடைப் பேச்சு மேசைக்கும் இதையே சொல்வேன். வயர் இழுக்க முடிகிற இடத்தில் வயரைத் தோற்கடிக்கிற கார்ட்லெஸ் இன்னும் வரவில்லை.

இனி மைக்கைப் பிடிக்கிறவர்கள். கை மைக்கில் ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பகுதியில் இருக்கிறது. அதைப் பொத்திப் பிடித்தால் சிக்னல் சுருங்கும். மேலே வலைத்தலையைப் பொத்திப் பிடித்தால் வேறு தொல்லை. முன்னால் வருவதை மட்டும் கேட்க வேண்டிய மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கி, 'கீ' என்று கத்தும். நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். பெரிய மனிதர்களிடம் இதைச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் மைக்கைத் தொப்புள் உயரத்தில் பிடித்துக்கொண்டு பேசுவார், நாம் மிக்சரில் கூட்டிக்கொண்டே போவோம், ஒலிபெருக்கி அலறும். அவருக்கென்று ஸ்டாண்டில் ஒரு மைக் வைத்துவிடுவதுதான் மரியாதையான வழி.

குருக்களுக்கு மாட்டுவது தனிக் கலை. சட்டை கிடையாது, ஹோமச் சூட்டில் வியர்வை. டிரான்ஸ்மிட்டரை வேட்டி மடிப்பில் செருகினால் ஆன்டெனா ஈரத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பாதி சிக்னலை உடம்பே குடித்துவிடும். இடுப்பில் துணிப்பட்டை கட்டி, சிறு பைக்குள் வைத்து, ஆன்டெனா மடங்காமல் வெளியே தொங்க விடுங்கள். காலர் மைக்கை அங்கவஸ்திரத்தில் குத்தினால் அவர் குனியும்போதெல்லாம் துணி உரசும். ஹெட்செட் மைக் மேல். மணமக்களுக்குக் காலர் மைக் வேண்டாம், மாலையும் பட்டும் உரசுகிற சத்தம்தான் பதிவாகும். கெட்டிமேளம் வரும்போது குருக்கள் மைக்கை இறக்கிவிட மறக்காதீர்கள், தவில் முழுவதும் அதில் புகுந்துவிடும்.

ஒலி அளவில் ஒரே ஒரு தவறைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அறிவிப்பாளர் கத்திப் பேசுவார், குரல் கரகரக்கும், மிக்சரில் குறைப்பார்கள். கரகரப்பு சின்னதாகக் கேட்குமே தவிரப் போகாது, ஏனென்றால் அது டிரான்ஸ்மிட்டரிலேயே நடந்து முடிந்துவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் கெயினை, அதாவது குரலை அது பெருக்கும் அளவைக் குறைக்க வேண்டும், அவர் எவ்வளவு சத்தமாகப் பேசுவாரோ அந்தச் சத்தத்தில் பேசவைத்து. ஒத்திகையில் மெல்லப் பேசிவிட்டு மாலையில் முழங்குகிறவர்களிடம் ஜாக்கிரதை.

பேட்டரியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாதி தீர்ந்ததை "இன்னும் இரண்டு கோடு இருக்கே" என்று போடுவதுதான் முகூர்த்த நேரத்தில் காலை வாரும். சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. டிரான்ஸ்மிட்டர் மெனுவில் வகையைச் சரியாகச் சொல்லாவிட்டால் கோடுகள் பொய் சொல்லும். பழையதையும் புதியதையும் ஜோடி சேர்க்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் மிக்சரில் அந்தச் சேனலை மியூட் செய்துவிட்டு மைக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் 'டப்' என்று ஒலிபெருக்கி அடிக்கும். பெட்டியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது கசிந்து முனைகளைப் பச்சை பிடிக்க வைத்தால் செட்டே போய்விடும். வலைத்தலைக்குள் இருக்கும் பஞ்சையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பலர் வாய் பட்ட மைக் அது.