ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி? புதிய செவிலியர்களுக்கான செய்முறை

சர்ஜரி வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களுக்குப் பெரிய பயம், ஆபரேஷன் முடிந்த நோயாளியோடு ஸ்ட்ரெச்சர் வார்டுக்குள் நுழையும் நேரம்தான். அந்த நேரத்துக்கு வேண்டியதில் பாதியை முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். அதனால் இங்கே ‘முன்’ பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும். மருத்துவரின் உத்தரவும் உங்கள் மருத்துவமனையின் விதிமுறையும்தான் முதலில். அவற்றை ஏன் என்று தெரிந்து செய்வதற்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதுங்கள்

பல்ஸ், பி.பி., மூச்சு எண்ணிக்கை, வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு, எடை. எல்லாவற்றையும் முந்தின நாளே எடுத்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். ஒருவருக்கு வழக்கமான பி.பி. 160/90 என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்து வந்தபின் 110/70 காட்டுகிறது. பழைய அளவைப் பார்க்காதவர் ‘பி.பி. நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பார்த்தவருக்கு, மேல் அளவு 50 இறங்கியிருப்பது தெரியும். எங்காவது ரத்தம் போகிறதா என்று தேடத் தொடங்குவார்.

எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். காலில் ஆபரேஷன் என்றால் இரண்டு பாதத்திலும் நாடி தொட்டுப் பார்த்து, விரல்களின் நிறத்தையும் சூட்டையும் குறித்து வையுங்கள். வயதானவர் என்றால் ஆள், இடம், நேரம் தெளிவாகச் சொல்கிறாரா என்று பேசிப் பாருங்கள். மறுநாள் இரவு அவர் உளறினால், அது பழைய மறதியா, புதிய குழப்பமா என்பதை இந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

அலர்ஜி பற்றிக் கேட்கும்போது மருந்தோடு பிளாஸ்திரி, ரப்பர் கையுறை, அயோடின் பற்றியும் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், பி.பி. மாத்திரை ஆகியவற்றின் பட்டியலை மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். சிலவற்றை நாள்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டும். சிலவற்றை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

படி 2: ஒப்புதல் கையெழுத்து

ஆபரேஷனையும் அதன் ஆபத்துகளையும் விளக்குவது மருத்துவரின் வேலை. நோயாளிக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. “உங்களுக்கு என்ன ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். திணறினால் மருத்துவரை மறுபடி வரச் சொல்லுங்கள். தூக்க மருந்து கொடுத்த பிறகு வாங்கும் கையெழுத்து செல்லாது.

படி 3: மூச்சும் இருமலும் சொல்லிக்கொடுங்கள்

புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். வயிற்றில் தையலோடு வலியில் இருப்பவரிடம் போய் “நன்றாக மூச்சை இழுங்கள்” என்றால் முடியாது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரை போகும். வலி இல்லாத நாளில் பழக்கிவிட்டால், மறுநாள் ஞாபகப்படுத்தினாலே போதும்.

முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, அவருடைய கையையே வயிற்றின்மேல் வைக்கச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது கை மேலே எழ வேண்டும். சில நொடிகள் பிடித்து, உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விட வேண்டும். இப்படிச் சில முறை செய்தபின், ஒரு தலையணையைத் தையல் வரப்போகும் இடத்தில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஆழமாக இருமச் சொல்லுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி தரப்போகிறார்கள் என்றால் அதையும் இன்றே கையில் கொடுங்கள். பலர் அதை ஊதுவார்கள்; உறிஞ்ச வேண்டும். கண், மூளை ஆபரேஷன் என்றால் இருமல் பயிற்சி வேண்டாம், அழுத்தம் கூடிவிடும். ஹெர்னியாவுக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கால். பாதத்தை முன்னும் பின்னும் மடக்கி நீட்டும் பயிற்சி. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படும். உறைந்து கட்டியாவது குறையும்.

படி 4: வெறும் வயிறு

மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் இந்தப் பட்டினி. பொதுவான கணக்கு: லேசான உணவு என்றால் 6 மணி நேரம், எண்ணெயும் இறைச்சியும் உள்ள கனமான சாப்பாடு என்றால் 8, தாய்ப்பால் 4, தண்ணீர் போன்ற தெளிந்த பானம் 2. பால் கலந்த டீ தெளிந்த பானம் இல்லை. அதற்கும் 6 மணி நேரம்தான். ‘டீதானே’ என்று கூட இருப்பவர்கள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ராத்திரியிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாடவிடுவதும் தப்பு. லிஸ்டில் பெயர் தள்ளிப்போனால், தண்ணீர் கொடுக்கலாமா என்று மயக்க மருந்து நிபுணரைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் இடையிடையே சர்க்கரை பாருங்கள்.

படி 5: தியேட்டருக்கு அனுப்பும் காலை

குளித்து, தியேட்டர் உடை மாற்றி, சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். பல் செட், கான்டாக்ட் லென்ஸ், நகை எல்லாவற்றையும் கழற்றி, யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாது. முடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர்தான். பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமி அதன் வழியே நுழையும்.

பெயரை நீங்கள் சொல்லித் தலையாட்ட வைக்காதீர்கள். பயத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் ‘ஆமாம்’ என்பார். அவர் வாயால் சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் அப்படியே கேட்டு, மருத்துவர் போட்ட குறியோடு பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலும் இப்படித்தான் மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திச் சரிபார்க்கச் சொல்கிறது.

தூக்க மருந்து ஊசியைக் கடைசியாகப் போடுங்கள். போட்டபின் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடுங்கள். எழுந்து நடக்கவிடக் கூடாது. அவர் போன கையோடு கட்டிலருகே ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, ட்ரிப் ஸ்டாண்ட், வாந்தி எடுக்கப் பாத்திரம், கம்பளி எல்லாம் தயாராக இருக்கட்டும்.

படி 6: திரும்பி வந்த முதல் சில நிமிடம்

மானிட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? குறட்டை போலச் சத்தம் வருகிறதா? வந்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது என்று அர்த்தம். தாடையை முன்னால் தூக்கிப் பிடியுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள்.

அடுத்து டிரெஸ்ஸிங். கசிவு இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். அடுத்த முறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். கையை உடம்புக்கு அடியிலும் விட்டுப் பாருங்கள். மேலே டிரெஸ்ஸிங் வெள்ளையாக இருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து முதுகுக்கடியில் தேங்கியிருக்கும். காயத்திலிருந்து ரத்தமும் நீரும் வடிய வைத்த டிரெயின் குழாய் மடங்கவில்லையே, சிறுநீர் சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்த்து, இரண்டிலும் உள்ள அளவைக் குறியுங்கள். தியேட்டரிலிருந்து வந்தவர் என்ன மயக்க மருந்து, எவ்வளவு ரத்தம் போனது, கடைசியாக வலி மருந்து எப்போது என்று சொல்லி முடிக்கும்வரை அவரைப் போகவிடாதீர்கள்.

படி 7: முதல் சில மணி நேரம்

முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அப்புறம் அரை மணிக்கு ஒரு முறை என்று அளப்பது பரவலான வழக்கம். உள்ளே ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் முதலில் ஏறுவது பல்ஸ்தான்; பி.பி. பிறகுதான் விழும். தோல் சில்லிட்டு வியர்க்கும், நோயாளி அமைதியில்லாமல் புரள்வார், சிறுநீர் குறையும். மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் சொல்லுங்கள்.

புரள்கிறவரைப் பார்த்ததும் ‘வலி போல’ என்று ஊசியை எடுத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் இப்படித்தான் புரள்வார், சிறுநீர்ப்பை நிரம்பினாலும்தான். இவற்றைப் பார்த்துவிட்டு வலியைக் கேளுங்கள். வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று எண்ணில் சொல்லச் சொல்லுங்கள். மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 10-க்குக் கீழே போய், எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றால் மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) இல்லாதவர் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டவர் என்றால் கால் உணர்ச்சி திரும்பும்வரை தனியாக எழக் கூடாது.

படி 8: அடுத்த நாட்கள்

மருத்துவர் அனுமதித்ததும் நடக்க வையுங்கள். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் நடப்பது சுலபம். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும். தலைசுற்றல் இல்லை என்றால் நிற்கட்டும், பிறகு இரண்டடி.

ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு என்றால் அமுக்கிவிடாதீர்கள், உறவினர்களையும் எண்ணெய் தேய்க்கவிடாதீர்கள். ரத்தக்கட்டி இருந்தால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

வயிற்றுத் தையலில் திடீரென இளஞ்சிவப்பு நீர் நிறைய வடிந்தால், தையல் உள்ளே விட்டுப்போக ஆரம்பித்திருக்கலாம். குடலே வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ள முயலக் கூடாது. படுக்கவைத்து முழங்காலை மடக்கி, சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணியால் மூடி, நீங்கள் அங்கேயே நின்று இன்னொருவரை விட்டு மருத்துவரை அழையுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம், மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைகளை விளக்கிவிட்டு, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், நிற்காத வாந்தி, ஒரு கால் வீக்கம். வீட்டில் டிரெஸ்ஸிங் மாற்றப்போகிறவரை அழைத்து, உங்கள் கண்முன்னே ஒரு முறை கை கழுவி மாற்றச் சொல்லிப் பாருங்கள்.