பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்க: சூலூர்ப்பேட்டை வழி

பழவேற்காடு என்றதும் பலரும் பொன்னேரி வழியாகக் கடற்கரைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்கவும் இறால் வாங்கவும் அது சரியான வழி. ஆனால் ஏரியின் பெரும்பங்கு ஆந்திரத்தில்தான் இருக்கிறது. பூநாரையை (ஃபிளமிங்கோ) ரோட்டோரத்தில் நின்றபடியே பார்க்க வேண்டுமானால் தடா தாண்டி சூலூர்ப்பேட்டைக்குப் போக வேண்டும்.

தேதி குறிக்கும் முன் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரியுங்கள். பூநாரை நின்று மேயும் பறவை. அதன் காலுக்கு எட்டும் ஆழமே அதற்குத் தோது. ஐப்பசி கார்த்திகை மழை வெளுத்து வாங்கிய வருடம் டிசம்பரில் ஏரி ததும்பி நிற்கும், பறவைகள் சிதறிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வடிய வடியத்தான் கூட்டம் சேரும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை நல்ல காலம். மே மாதம் போனால் வடபகுதியில் காய்ந்த சேறும் உப்புப் பொருக்கும்தான். ஆட்டோக்காரரிடம் “பறவை இருக்கா அண்ணா?” என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார், சவாரி அவர் பிழைப்பு. “ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுக்கு வடக்கால தரை தெரியுதா, தண்ணி நிக்குதா?” என்று கேளுங்கள். சரியான பதில் வரும். தமிழிலேயே கேட்கலாம், அந்தப் பக்கம் பலருக்கும் புரியும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டை வரை மின்ரயில் உண்டு. ஆனால் விடியும்போது ஏரியில் நிற்க வேண்டும் என்பதால் சொந்த வண்டி வசதி. இல்லையென்றால் முந்தின இரவே போய்த் தங்குங்கள். ஆட்டோ பேசும்போது போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டா பஸ் அதே ரோட்டில் போனாலும் நினைத்த இடத்தில் நிற்காது.

சூலூர்ப்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியின் குறுக்கே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் தெற்குப் பக்கப் பறவையெல்லாம் கரி நிழலாகத் தெரியும்; வடக்குப் பக்கப் பறவை மேல் வெளிச்சம் நேராக விழும். போகும்போது இடது கைப் பக்கம், அவ்வளவுதான். ஆறரைக்கு ரோட்டில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் படம் நெளியும். 8×42 பைனாகுலர் போதும். ஸ்டாண்டில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது.

தூரத்து வெள்ளைக் கூட்டம் எல்லாம் பூநாரை இல்லை. வால் பக்கம் ரோஜா நிறமும் மஞ்சள் அலகும் இருந்தால் அது சங்குவளை நாரை. பூநாரையின் அலகு நடுவில் மடிந்திருக்கும், நுனி கறுப்பு. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி சேற்றை அரித்துச் சாப்பிடும். சில நேரம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துக் கலக்கும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் தெரியும். சாம்பலும் பழுப்புமாக நிற்பவை குஞ்சுப் பருவம் தாண்டாதவை. நோய் என்று நினைக்க வேண்டாம்.

வண்டியைத் தார் ரோட்டை விட்டு இறக்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்த பொருக்கு, கீழே கறுத்த களி. டயர் புதைந்தால் டிராக்டர் வந்தால்தான் எழும்பும். இறங்கி நடந்து கிட்டப் போவதும் வீண்: ஒரு பறவை கழுத்தை நிமிர்த்தினால் கூட்டமே நிமிரும், அடுத்த அடிக்குப் பறந்துவிடும். கழுத்து நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். கம்பு நட்டுக் கட்டிய வலையைத் தொடாதீர்கள். மீனவ ஊர்களில் யார் எங்கே வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ முறை உண்டு. டிரோன் வேண்டவே வேண்டாம். ரோட்டின் முடிவில் இருப்பது சதீஷ் தவான் விண்வெளி மையம். ராக்கெட் ஏவும் நாளில் ரோட்டில் கெடுபிடி இருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பூநாரைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஜனம்தான் தெரியும்.

வெயில் ஏறியதும் வடக்கே தொரவாரி சத்திரம் பக்கம் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடலாம். அங்குள்ள ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா (பெலிக்கன்) கூடு கட்டும். அக்டோபர் வாக்கில் ஆரம்பித்து மார்ச் வரை இருக்கும். குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டு மீனை எடுப்பதைக் காவல் கோபுரத்திலிருந்தே பார்க்கலாம். கூச்சல் போட்டால் தாய் எழும்பிவிடும். அந்த இடைவெளியில் காக்கை முட்டையைக் கொத்திவிடும்.

படகு ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இன்றும் யாராவது ஏற்றிக்கொள்கிறேன் என்றால், எந்த விலைக்கும் ஏறாதீர்கள்.

ரோட்டோரம் நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் சூலூர்ப்பேட்டையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் சேர்த்து.