லேசான தலைக்காயம்: அவசர சிகிச்சைப் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்தெலும்பைச் சோதிக்க வேண்டும், ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களும் அறிந்தவையே. எங்கள் தலைமுறை செய்த வேறு சில பிழைகளை அவர்களும் அப்படியே செய்வதால்தான் இதை எழுதுகிறேன்.

பேசுகிறார், அதனால் 15

கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றை வைத்து நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் (அதிகபட்சம் 15) 13 முதல் 15 வரை இருந்தால் லேசான காயம் என்கிறோம். ஆனால் 14-க்கும் 15-க்கும் உள்ள வேறுபாட்டைத் துச்சமாக எண்ணுவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த ஒருவர், மது வாடையுடன் வந்தார். பெயரைச் சரியாகச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். பயிற்சி மருத்துவர் 15 என்று குறித்துவிட்டு நகர்ந்தார். விழுந்தவரோ, "வண்டி எங்கே?" என்று கேட்டு, பதில் கிடைத்த மறுநிமிடமே அதையே மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த மாதம் என்று கேட்டபோது தவறாகச் சொன்னார். அது 14. போதை தெளியட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். காயம்பட்டு 2 மணி நேரமாகியும் 15-ஐ எட்டாதவருக்கு சிடி ஸ்கேன் தேவை என்று 2001-இல் வெளியான, தலைக்காயத்தில் யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை வகுக்கும் கனடிய விதி தெளிவாகக் கூறும்போது, போதையைக் காரணம் காட்ட என்ன இருக்கிறது? ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் ரத்தக்கசிவு தெரிந்தது. மாதம், கிழமை, இடம் ஆகியவற்றைக் கேட்காமல் 15 என்று எழுதக் கூடாது. எழுதியபின் மீண்டும் மீண்டும் மதிப்பிடாமலும் இருக்கக் கூடாது.

"மயக்கம் போட்டீர்களா?"

நினைவிழந்தவரால் இதற்கு விடை சொல்ல இயலாது. நேரில் பார்த்தவரை வெளியே அனுப்பிவிடாமல் விசாரியுங்கள். பார்த்தவர் எவரும் இல்லையெனில், விழுவதற்கு முன் கடைசியாக நினைவிருப்பது எது, விழுந்தபின் முதலில் நினைவுக்கு வருவது எது என்று கேட்டு, இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுங்கள்.

பொருந்தாதவருக்குப் பொருத்துவது

வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்களும், 16 வயதுக்கு உட்பட்டவர்களும், அடிபட்டபின் வலிப்பு வந்தவர்களும் அந்தக் கனடிய விதிக்குள் அடங்கமாட்டார்கள்.

காதின் பின்புறம்

மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருப்பதைக் காட்டும் கன்றல் இங்கே தோன்றப் பல மணி நேரம் ஆகும்; இப்போது இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

சிடி நன்றாக இருக்கிறது

ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் மூளை அதிர்ச்சி இருக்கலாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, தொடர்ந்த வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை, நினைவு தடுமாறும் நோயாளியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், வீட்டில் உடனிருப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியாக வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்பதையும் அதே தாளில் சேருங்கள்.