கூட்டுச் சதி வழக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சம்பவமே நடக்கவில்லை, பிறகு எப்படி வழக்கு?" கூட்டுச் சதிப் பிரிவில் எப்.ஐ.ஆர். பதிவானால் குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான். இந்தியச் சட்டத்தில் சதி தனிக் குற்றம். ஒரு குற்றத்தைச் செய்யலாம் என இருவர் ஒப்புக்கொண்டாலே போதும், அது முழுமையாகிவிடும். 1913இல் தண்டனைச் சட்டத்தில் 120ஏ, 120பி என்று சேர்க்கப்பட்ட இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 61ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்பே முடிந்துபோன செயலுக்குப் பழைய பிரிவுதான் பொருந்தும். மனு எழுதும்போது எண்ணைக் குழப்பிவிடாதீர்கள்.

போலிக் கிரயப் பத்திரம் தயாரிக்க இருவர் முடிவெடுக்கிறார்கள், ஆனால் பத்திரம் எழுதப்படவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சதி உண்டு. இங்கே தண்டனை, உடந்தைக்கான (குற்றத்துக்குத் தூண்டுவது, துணைபோவது) விதிப்படி கணக்கிடப்படும். கிரயப் பத்திரத்தைப் போலியாகத் தயாரிப்பதற்கு இதே சன்ஹிதாவின் 338ஆம் பிரிவில் ஆயுள் வரை தண்டனை உண்டு. எனவே காரியம் நிறைவேறாவிட்டால் 55ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். நிறைவேறிவிட்டால் 338க்குரிய தண்டனையே கிடைக்கலாம்.

நோக்கம் நியாயமானது என்பதும் காப்பாற்றாது. கொடுத்த கடனைக் கேட்பது உரிமைதான். ஆளை அடைத்துவைத்து வசூலிக்கலாம் என்று இருவர் பேசி முடித்தால் அது சதி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, வாதாடுபவர்களே அதைத் தவறவிடுகிறார்கள். உடன்பாடு ஒரு குற்றத்தைச் செய்வதற்கானதாக இல்லாமல், உரிமையியல் வழக்குக்கு மட்டுமே இடம்தரும் செயலுக்கானதாக இருந்தால், வெறும் பேச்சு போதாது. யாராவது ஒருவர் அதை ஒட்டி ஏதேனும் செய்திருக்க வேண்டும். இத்தகைய சதிக்கும், 2 ஆண்டுக் கடுங்காவலுக்குக் குறைந்த குற்றங்களுக்கான சதிக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அதிலும் மாநில அரசோ மாவட்ட நடுவரோ எழுத்தில் ஒப்புதல் தராமல் நீதிமன்றம் பொதுவாக வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 217). குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் அந்த ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தெரிந்திருந்தவர் எல்லாம் சதிகாரர் என்று எடுத்துக்கொள்வது. பழக்கம், உறவு, ஒரே வீட்டில் தங்கியது, அடிக்கடி போனில் பேசியது, ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தது எல்லாம் சந்தேகத்தைத்தான் எழுப்பும். உடன்பாட்டை அவை மட்டுமே நிரூபித்துவிடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே எடைபோட்டது. கொலைச் சதியில் 7 பேரின் தண்டனைதான் நின்றது: 4 பேருக்கு மரணம், 3 பேருக்கு ஆயுள். மற்ற 19 பேரும் விடுதலையானார்கள். சதியின் இலக்கு நிறைவேறிய பிறகு தலைமறைவானவருக்கு இடம் கொடுத்தவர், அதனாலேயே சதியில் பங்காளி ஆகிவிட மாட்டார் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகவே சொல்கிறது. அடைக்கலம் கொடுத்தது வேறு குற்றம். அதற்கு வேறு பிரிவு, வேறு தண்டனை. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே எழுப்பாததால் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடக்க நேர்கிறது.

சக குற்றவாளி சொன்னதெல்லாம் நமக்கு எதிராக நிற்கும் என்ற பயமும் பாதிதான் சரி. சாட்சியச் சட்டத்தின் பழைய 10ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 8ஆம் பிரிவு. சதி இருந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஒருவர் பொது நோக்கத்தை ஒட்டிச் சொன்னதும் செய்ததும் மற்றவருக்கு எதிராகவும் சாட்சியமாகும். ஆனால் சதி முடிந்தபின் நடந்ததை விவரித்துச் சொன்ன வாக்குமூலம் இந்த விதிக்குள் வராது. 1940இல் மிர்சா அக்பர் வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இப்படித்தான் முடிவு செய்தது. எனவே ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொண்டே வழக்குக் கட்டைப் படிக்க வேண்டும்.

சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட மற்ற அனைவரும் விடுதலையாகி ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர்மீதும் சதி நிற்காது. தனியாளாய்ச் சதி செய்ய முடியாதே. ஆனால் கூட்டாளி மன்னிப்புப் பெற்று அப்ரூவராகி அரசுத் தரப்பில் சாட்சி சொல்லியிருந்தாலோ, அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இருந்தார்கள் என்பது நிரூபணமானாலோ இந்த வாதம் எடுபடாது.