டொராண்டோவில் முதல் வாடகை வீடு: சோபா வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மென்டோ, அடுக்குமாடியில் இரண்டு அறை வீடோ கிடைத்ததும் பலர் முதலில் தேடுவது சோபாவும் டிவியும்தான். அந்தப் பணத்தை ஒரு மாதம் கையில் வைத்திருங்கள். ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே புகையும் ஈரமும் தானாகப் போய்விடும். இங்கே குளிர்காலம் முழுக்க ஜன்னல் மூடியே கிடக்கும். காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் நாம்தான் கவனிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால் பழைய நாற்காலி நாலு போட்டாலும் வீடு இதமாக இருக்கும். சரியில்லை என்றால் புதுச் சோபாவிலும் ஆறு மாதத்தில் பூஞ்சை வாடைதான் அடிக்கும்.

சாவி வாங்கிய அன்று

பெட்டிகளை உள்ளே கொண்டுவரும் முன் எல்லா அறைகளையும் போனில் படம் எடுங்கள். சுவர்க் கீறல், கம்பளக் கறை, அடுப்பின் உட்பக்கம், சிங்க்கின் அடியில் இருக்கும் குழாய்கள் எதையும் விடவேண்டாம். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகையும், சாவிக்கான திருப்பித் தரவேண்டிய சிறு தொகையும் மட்டுமே. "சேதத்துக்காக" என்று தனியாக டெபாசிட் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் போகும்போது பேச்சு வராமல் இருக்க அந்தப் படங்கள் உதவும். அடுக்குமாடி என்றால் சாமான் ஏற்ற லிஃப்டை முன்பதிவு செய்ய வேண்டுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பல கட்டடங்களில் பதிவு இல்லாமல் கட்டிலை ஏற்ற விடமாட்டார்கள்.

பிறகு சூடான காற்று வரும் துவாரங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தரையிலோ சுவரின் அடியிலோ இருந்தால் அதன்மேல் கட்டிலோ அலமாரியோ வரக்கூடாது. பேஸ்மென்டில் அவை பெரும்பாலும் கூரையில்தான் இருக்கும். டொராண்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீடு குறைந்தது 21 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பது நகர விதி. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேல் வீட்டில் இருந்தால், குளிரை ஒரு தெர்மாமீட்டரில் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும் கேட்பதில் தவறில்லை. "அண்ணா, கீழ 18தான் காட்டுது" என்று அளவைச் சொல்லிக் கேட்டால் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

ஈரம்

முதலில் வாங்க வேண்டிய பொருள், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மீட்டர். பத்துப் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும். கடும் குளிரில் சுமார் 30 சதவீதம், கோடையில் 50 சதவீதத்துக்கு மிகாமல் என்பது நல்ல அளவு. குளிர்காலக் காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் வீட்டில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். சோறு வடிக்கும் ஆவி, குளியல் ஆவி, எல்லாவற்றுக்கும் மேலாக அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவது. இவைதான் வழக்கமான காரணங்கள். குளித்து முடித்ததும் குளியலறை ஃபேனை உடனே நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

பேஸ்மென்டில் இருப்பவர்கள் கோடையில் செய்யும் ஒரு காரியம் எதிர்மறையாகப் போகும். ஜூலையில் அறை புழுங்குகிறதே என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். வெளியே இருக்கும் ஈரமான வெப்பக் காற்று உள்ளே வந்து, மண்ணுக்குள் குளிர்ந்திருக்கும் சுவரிலும் தரையிலும் பட்டு நீராகப் படியும். அந்த மாதங்களில் ஜன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரை ஓட்டுவதுதான் சரி. தரையில் வடிகால் இருந்தால் டிஹியூமிடிஃபையரின் குழாயை அங்கே விட்டுவிடுங்கள். தினமும் தொட்டியைக் கொட்டும் வேலை மிச்சம்.

வெளிச்சுவரை ஒட்டி அலமாரி, கட்டில், சோபா எதுவும் நிற்கக்கூடாது. ஐந்து செ.மீ. இடைவெளி விடுங்கள். காற்று போகாத அந்த இடுக்கில்தான் கருப்புப் பூஞ்சை முதலில் வரும், பொருளை நகர்த்தும் வரை கண்ணில் படாது. அட்டைப் பெட்டிகளைத் தரையில் அடுக்காதீர்கள், மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளே நல்லது. பட்டுப்புடவை மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சுவர் இல்லாத பக்கத்து குளோசெட்டின் மேல்தட்டில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

சமையலறை

இங்குள்ள வாடகைச் சமையலறைகள் நம் சமையலுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்றிவிடுகிறதா என்பதை முதல் நாளே கண்டுபிடியுங்கள். ஃபேனைப் போட்டு, ஹூட்டின் மேல்பக்கத்தில் அல்லது முகப்பில் உள்ள துவாரங்களில் கை வைத்துப் பாருங்கள். அங்கே காற்று வீசினால் அது உள்ளேயே சுற்றும் வகை. அதன் உலோக வலை எண்ணெயைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. வாடைக்குத் தனியாகக் கரி ஃபில்டர் உண்டு. கழுவ முடியாது, நம் சமையலுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். உலோக வலையை மாதம் ஒருமுறை கொதிநீரில் பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் சோடா உப்பும் போட்டு ஊறவைத்தால் எண்ணெய் கழன்றுவிடும்.

தாளிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஹூட்டைப் போட்டு, முடித்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். படுக்கையறைக் கதவும், கோட் மாட்டும் குளோசெட்டின் கதவும் மூடியிருக்க வேண்டும். குளிர்காலக் கோட்டைத் தினமும் துவைக்க முடியாது. மீன் பொரித்த வாடை அதில் ஏறினால் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் கூடவே வரும்.

மிளகாய் கருகும்போது புகை அலாரம் கத்தும். பேட்டரியைக் கழற்றுவதோ பிளாஸ்டிக் பை கட்டி மூடுவதோ ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம். அதைவிட, இரவில் தீ பிடித்தால் எழுப்ப ஆளில்லாமல் போகும். சமையல் புகைக்கு எளிதில் கத்துபவை பெரும்பாலும் அயனி வகை. ஒளிமின் வகை அவ்வளவு தொந்தரவு தராது. சிறிது நேரம் அடக்கி வைக்கும் பொத்தானோடு வருபவையும் உண்டு. மாற்றித் தரும்படி வீட்டுக்காரரைக் கேளுங்கள், அலாரம் அவர் பொறுப்பு.

மின்சுருள் அடுப்பு அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். கடுகு வெடித்ததும் குமிழைத் திருப்பினால் போதாது, சட்டியையே பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பில் அடி தட்டையான பாத்திரம் மட்டும் வையுங்கள். மண்சட்டியும் உருண்டை அடி இரும்புச் சட்டியும் அதற்கு ஆகாது. லாமினேட் மேடையில் சூடான குக்கரை நேராக இறக்கினால் மேல்தாள் உப்பிக் கிளம்பும், அதைச் சரிசெய்ய வழியில்லை. மஞ்சள் கறை பட்டால் சோடா உப்பைக் குழைத்துப் பூசி, பதினைந்து நிமிடம் கழித்து மெல்லத் துடையுங்கள்.

பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது. குழாயில் உறைந்து அடைத்து, பேஸ்மென்ட் வடிகாலில் திரும்பி மேலே வரும். ஆறவிட்டு, காகிதத் துண்டில் உறிஞ்ச வைத்து, டொராண்டோவில் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடலாம்.

அரிசி மூட்டை இங்கே பெரும்பாலும் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ. ஒரு 20 லிட்டர் வாளியில் ஏறத்தாழ 15 கிலோதான் கொள்ளும், மீதிக்கு ஒரு டப்பா தனியே வேண்டும். இறுக்கமான மூடி முக்கியம். அடுக்குமாடிகளில் மாவுப்பூச்சி பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாவற்றையும் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பிறகு டப்பாவில் கொட்டுங்கள். முட்டைகள் அழிந்துவிடும். மாவில் மெல்லிய நூல்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பையைக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

மிக்ஸியும் மின்சாரமும்

இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊர் மிக்ஸி 230 வோல்ட், அதை அப்படியே மாட்டினால் மெதுவாக முனகிச் சூடேறும். வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது மாற்றி ஒன்றை வைத்து ஓட்டலாம். ஆனால் 750 வாட் மிக்ஸி கிளம்பும் நொடியில் அதிகம் இழுக்கும் என்பதால் 1500 வாட் மாற்றி வேண்டும், அது கனமான இரும்புக் கட்டி. கணக்குப் பார்த்தால் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் 110 வோல்ட் மிக்ஸியே மேல். வெட் கிரைண்டருக்கு மாற்றி இன்னும் பொருந்தாது. வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் வேகம் கூடி மாவு சூடாகும்.

கெட்டில் 1500 வாட், அதாவது 12 ஆம்பியருக்கு மேல். ரைஸ் குக்கர் ஆறு ஆம்பியர் வரை போகும். இரண்டும் ஒரே 15 ஆம்பியர் இணைப்பில் இருந்தால் பிரேக்கர் விழும். பல கனடிய வீடுகளில் சமையல் மேடைப் பிளக்கின் மேல் பாதியும் கீழ் பாதியும் வெவ்வேறு இணைப்பில் இருக்கும், ஆகவே ஒன்றை மேலும் மற்றதை கீழும் மாட்டிப் பாருங்கள். தனி ஹீட்டர் வைத்தால் அதை எக்ஸ்டென்ஷனில் மாட்டவேண்டாம், சுவர்ப் பிளக்கில் நேராக. திரைச்சீலை, போர்வையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

குளியலறை

பெரும்பாலான குளியலறைத் தரையில் வடிகால் கிடையாது. வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். தொட்டிக்குள் நின்று குளியுங்கள், திரையின் அடிப்பகுதி தொட்டிக்கு உள்பக்கம் இருக்கட்டும்.

கழுவ ஹேண்ட் ஸ்ப்ரே பொருத்துவது அரை மணி நேர வேலை. கழிப்பறைத் தொட்டியின் அடியில் 7/8 அங்குல மரை உள்ள டி வால்வோடு வரும் செட்டை வாங்குங்கள். சுவரோரக் குழாயை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். தொட்டியடியில் உள்ள குழாயைக் கழற்றி, இடையில் டி வால்வைக் கையாலேயே முறுக்குங்கள். அந்த மரை பிளாஸ்டிக், ஸ்பேனர் போட்டால் வெடிக்கும். ரப்பர் வாஷர் உள்ள இணைப்புக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது. ஒவ்வொரு முறையும் டி வால்வை மூடிவிடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரவேண்டும். ஸ்ப்ரேயின் ஹோஸ் நாள் முழுக்க அழுத்தம் தாங்குவதற்கானது இல்லை. ஆளில்லாத நேரத்தில் வெடித்தால் கீழ்வீடு வரை நனையும்.

வாசல், கட்டில், பழைய சாமான்

சாலையில் போடும் உப்பு பூட்ஸோடு வீட்டுக்குள் வரும். கதவோரம் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்று இருந்தால் உருகும் பனி அதிலேயே நிற்கும். வெள்ளைத் திட்டுகளுக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைக்கலாம்.

மெத்தையில் ட்வின் 38க்கு 75 அங்குலம், டபுள் 54க்கு 75, குயின் 60க்கு 80. வாங்கும் முன் பேஸ்மென்ட் படிக்கட்டின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய மர மேசை, நாற்காலி வாங்கலாம். மெத்தையும் துணிச் சோபாவும் பழையது வேண்டாம், தெருவோரம் வைத்திருப்பதைத் தொடவே வேண்டாம். மூட்டைப்பூச்சி தீனி இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மரச் சாமானையும் கவிழ்த்து, திருகு ஓட்டைகளிலும் இடுக்குகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளி தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

சாமி இடம், விளக்கு, சுவர்

சாமி தட்டை, தீ பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் தெளிப்பானின் (ஸ்பிரிங்க்ளர்) தலைக்குக் கீழும் புகை அலாரத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள். எண்ணெய் விளக்கு ஏற்றுவதாக இருந்தால் அடியில் அகலமான எவர்சில்வர் தட்டு, மேலே தட்டு இல்லாத திறந்த இடம். சாம்பிராணி போடும் நாளில் ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். தெளிப்பானில் தோரணமோ ஹேங்கரோ தொங்கவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ் உடைந்தால் நிமிடத்துக்குள் வீடு வெள்ளமாகும்.

ஹாலில் கூரை விளக்கு இல்லாமல் சுவரில் சுவிட்ச் மட்டும் இருந்தால் அது ஏதோ ஒரு பிளக்கின் பாதியை இயக்கும். போன் சார்ஜரைக் கொண்டு அதைக் கண்டுபிடித்து, நின்ற விளக்கை அங்கே மாட்டுங்கள். பல்பில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். பேஸ்மென்ட் ஹாலுக்கு 800 லூமன் பல்பு மூன்றை மூன்று மூலையில் வைத்தால் போதும். நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு போட்டால் மூலைகள் இருண்டு அறை சுருங்கித் தெரியும்.

சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை, அதில் ஆணி அடித்துக் கனமான எதையும் மாட்ட முடியாது. பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும். ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால் சட்டத்தில் அடித்த திருகில் ஒட்டும். கோட் கொக்கிகளுக்கும் பிள்ளைகள் ஏறக்கூடிய அலமாரியைச் சுவரோடு கட்டுவதற்கும் அந்த இடமே வேண்டும். படங்களுக்கு ஒட்டும் கீற்று போதும். சுவரை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, 30 வினாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே படத்தை மாட்டுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். கழற்றும்போது கீற்றின் நுனியைச் சுவரோடு ஒட்டியபடியே நேர் கீழாக மெதுவாக இழுக்க வேண்டும், முன்பக்கமாக இழுத்தால் பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும்.