குறை உள்ள கண்ணை ஒரு அட்டையில் காட்டுவது எப்படி?

மொரீஷியஸ் மாலைத் தமிழ் வகுப்பில் பரிணாமம் என்றதும் பிள்ளைகள் கேட்பது: "இயற்கைத் தேர்வு இத்தனை காலமா நடக்குதே, ஏன் எதுவும் கச்சிதமா இல்ல?" சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் பிழைத்துப் பெருகுவதே இயற்கைத் தேர்வு. ஏன் கச்சிதமில்லை என்பதற்கு விளக்கத்தைவிட அட்டை நல்லது.

வெள்ளை அட்டையின் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி. அதற்கு நேர் வலப்பக்கம், 8 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. அகலக் கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்க்கச் சொல்லுங்கள். அட்டையை 50 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லக் கிட்டே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ.யில் புள்ளி காணாமல் போகும்.

போகவில்லையா? பெரும்பாலும் கண் புள்ளிப் பக்கம் நழுவியிருக்கும். அட்டை சாய்ந்திருந்தாலும், புள்ளியை 3 செ.மீ. அகலமாகப் போட்டிருந்தாலும் ஓரம் தெரியும்.

காரணம்: நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி உணரும் செல்களுக்கு முன்னால் ஓடுகின்றன. மூளைக்குப் போக, திரையைத் துளைத்து வெளியேற வேண்டும். அந்த இடம் குருடு. கடற்கரையில் காயப்போடும் ஊரித், அதாவது ஆக்டோபஸ், கண்ணில் நரம்புகள் பின்பக்கம். அதற்கு இந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது.

இயற்கைத் தேர்வால் நம் கண்ணைப் பிரித்துத் திருப்பி மாட்ட முடியாது. இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறைக்கும் பார்வை வேண்டுமே. தவிர, ஒரு கண் விடுவதை மறு கண் பிடித்துவிடுவதால் நஷ்டமும் சொற்பம்.

அடுத்து, மொரீஷியஸில் வாழ்ந்து அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவைப் பேசுங்கள், ஆனால் 'முட்டாள் பறவை' வேண்டாம். தரையில் முட்டையிட்டது அன்றைய தீவுக்குப் பொருத்தமே. 1598-ல் டச்சுக்காரர் வந்தபின் எலியும் பன்றியும் பெருகி, தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றன. இயற்கைத் தேர்வு நேற்றைய சூழலுக்குத்தான் வேலை செய்திருந்தது.